நடந்து வந்த கரம்பை

வைரவனுக்கு முதலில் அநியாயம் செய்தவன் கொண்டல்சாமி. அவனுக்குப் பின்னால் பெரிய வரிசை உண்டு. கல்யாண வீட்டில் இவருடைய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தன் பழசை விட்டுவிட்டுப் போன சம்பந்தி, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிய தம்பி, ஊருக்கெல்லாம் நுரை பொங்க ஆற்றிவிட்டு இவருக்கு மட்டும் தட்டையாக டீயை நீட்டுகிற சுப்புக்காளை. அந்த வரிசையை அவர் தினமும் ஒருதரம் மனசுக்குள் தலையெண்ணிப் பார்ப்பார், ஆட்டுக்காரன் பட்டியை அடைக்கும் முன்னால் பார்ப்பதுபோல, மன்னிக்கப்பட்டு ஒருத்தனும் தப்பிப் போய்விடக் கூடாது என்று.

ஆவாரங்குளத்தில் கோடைக்குக் கண்மாய் வற்றினால், அடியில் படிந்து கிடக்கும் கரம்பை மண்ணை வீட்டுக்கு ஒரு பங்கு என்று சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். நிலம் உள்ளவன் நிலத்துக்கு அடிப்பான், இல்லாதவன் கொல்லைக்கு அடிப்பான். வைரவனுக்கு நிலம் கிடையாது. தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது, ஆனால் அது முழுக்கச் சரள், மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் தீப்பொறி பறக்குமே தவிர ஒரு கீரைத்தண்டு எழும்பாது. அந்தச் சரளில் கரம்பையைக் கொட்டி நாலு கத்தரியும் வெண்டையும் போட வேண்டும் என்பது அவர் பெண்டாட்டி மாரிக்கனி கல்யாணமான புதிதிலேயே வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம். ஆகவே ஒரு கோடையில் புருசனும் பெண்டாட்டியுமாக இடுப்பு ஒடிய வெட்டிக் கண்மாய்க் கரையில் குவித்து வைத்திருந்தார்கள். வைரவன் ஆபீசுக்குப் போயிருந்த நேரம் பார்த்து டிராக்டரோடு வந்த கொண்டல்சாமி, அவன் மாரிக்கனிக்குப் பெரியப்பா மகன், “தங்கச்சி, தோட்டத்துக்கு அவசரமா வேணும், கைமாத்தா எடுத்துக்கிடுதேன், அடுத்த கோடைக்கு என் பங்கை மாப்ளை எடுத்துக்கிடட்டும்” என்று சொல்லிக் குவியலை வழித்துக்கொண்டு போனான்.

அடுத்த கோடையில் கண்மாய் வற்றவில்லை. அதற்கடுத்த கோடையில் மண்ணில் கை வைக்கக் கூடாதென்று சர்க்காரிலிருந்து வந்து தடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் கோயில் வாசலில் வைத்து வைரவன் கேட்டபோது கொண்டல்சாமி விபூதியைப் பூசிக்கொண்டே, “எந்த மண்ணு?” என்று திருப்பிக் கேட்டான். எடுத்ததைக்கூட வைரவன் ஒருவேளை ஆற்றிக்கொண்டிருப்பார். அந்த ‘எந்த மண்ணு’ அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, சீழ்வைத்து, ஆறாமலே தோல் மூடி, அவரோடு சேர்ந்து கிழடாயிற்று.

முட்டி போய், ஆபீஸ் வேலையை விட்டு வீட்டோடு இருந்த வருசம், ஆடி பிறக்கும் முன்னால், வைரவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினார். கரம்பை இல்லாவிட்டால் என்ன, இந்தச் சரளிலேயே காய் எடுத்துக் கொண்டல்சாமியின் மூக்கறுப்பது என்று வீம்பு. முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார். தோண்டியதைச் சல்லடையில் சலித்துக் கல்லை ஒருபக்கம் பொடியை ஒருபக்கம் ஒதுக்கினார். பொடியைத் தரையில் விரித்து வெயில் காட்டினார், புழுவும் முட்டையும் சாகட்டும் என்று. மக்கின சாணமும் ஆட்டுப்புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து நீர் தெளித்துப் புரட்டினார். புரட்டப் புரட்ட அது வெளிறிய தூளாகவே இருந்தது, பிடித்தால் பிடியில் நிற்கவில்லை, தண்ணீர் விட்டால் தங்கவில்லை. மாரிக்கனி தேங்காய்ச் சிரட்டைகளில் நாற்றுப் பாவிவிட்டு, “இதுல நட்டா நாத்து நம்மள வையும்” என்றாள்.

மறுநாள் விடிகிற வேளையில் வைரவன் கொல்லைக் கதவைத் திறந்தபோது, சுவரடியில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகக் கரம்பை வந்துகொண்டிருந்தது.

கட்டெறும்புச் சாரை மாதிரி, விரல் அகலத்தில், கறுப்பாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியும் பொடியுமாக, எந்த அவசரமும் இல்லாமல் வந்து, அவர் தோண்டிவைத்த பாத்திக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டிருந்தது. வைரவன் உட்கார்ந்து ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்தார். கண்மாய் வாடை. விரலால் நசுக்கினால் நத்தை ஓட்டுத் துணுக்கு. சந்தேகமே இல்லை, அவர் வெட்டிய மண்தான். அடுத்த நொடியே அவருக்குச் சந்தேகம் வந்தது. மண் எப்படி நடக்கும் என்றல்ல. இத்தனை வருசம் நடக்காத மண் இன்றைக்கு ஏன் நடக்கிறது, யார் சொல்லி நடக்கிறது, இதில் கொண்டல்சாமிக்கு என்ன ஆதாயம் என்று.

“அவன்தான் அனுப்புதான்” என்றார் பெண்டாட்டியிடம். “நாளைக்கே ஊரைக் கூட்டி, எம்மண்ணை வைரவன் திருடிட்டான்னு சொல்லப் போறான்.”

“மண்ணை எப்படி அனுப்புவாக, டிக்கெட் எடுத்துக் குடுத்தா?”

“உங்க வம்சத்துக்கு எல்லாம் தெரியும்.”

அவர் சாக்கைச் சுருட்டி ஓட்டையை அடைத்தார். மண் தெருவில் நின்றது. இடிக்கவில்லை, ஏறிக் குதிக்கவில்லை, கடன் கேட்டு வந்தவன் வாசலில் நிற்பதுபோல ஒதுங்கி நின்று குவிந்தது. வெயில் ஏறியதும் அசையாமல் கிடந்தது. விடிந்தால் மறுபடி சாரை புறப்பட்டு வந்து குவியலோடு சேர்ந்தது. தண்ணீர்க் குடம் எடுத்துப் போகிற பெண்கள், “உங்க மண்ணை உள்ள கூப்பிடுங்க மாமா, வழியில நிக்கி” என்று சத்தம் போட்ட பிறகுதான் வைரவன் சாக்கை உருவினார். ஆனாலும் வந்து படுத்த மண்ணைத் தொடவில்லை. பாத்தியைச் சுற்றி வேலிக்கருவை முள்ளை வெட்டிப்போட்டு, ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, விசாரணைக் கைதியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு அதைப் பழகிக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. கொண்டல்சாமி தோட்டத்து வேலியடியில் கிளம்பி, தார்ரோட்டைக் குறுக்கே கடந்து, சுப்புக்காளையின் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, மாரியம்மன் கோயிலை வலதுபக்கமாகச் சுற்றிக்கொண்டு, நடுத்தெரு வழியாக வைரவன் வீட்டுக்கு என்று மண் தனக்கொரு பாதை வைத்திருந்தது. பெண்கள் கோலம் போடும்போது அது போக ஒரு சந்து விட்டே புள்ளி வைத்தார்கள். பால்காரர் சைக்கிளைத் தூக்கித் தாண்டினார். கோழிகள் முதலில் கொத்திப் பார்த்துவிட்டு, சாப்பிடுகிற சாதி இல்லை என்று விலகிக்கொண்டன. காலை முதல் பஸ் ரோட்டில் நின்று, மண் கடந்த பிறகு புறப்பட்டது. டிரைவர் ஹாரன் அடித்தால் சாரை ஒருதரம் சிலிர்த்துக்கொள்ளும், பிறகு பழைய வேகத்தில்தான் போகும். வெளியூர்க்காரர்கள் கேட்டால், “கைமாத்து திரும்பிப் போகுது” என்று கண்டக்டர் சொல்லிவிட்டு விசில் அடிப்பார்.

ஆனால் உள்ளுக்குள் ஊர் பயந்துதான் போயிற்று. மண்ணே நடக்கிறதென்றால் மற்றதெல்லாம் நடக்க எத்தனை நாளாகும். தன் வீட்டுப் பரண்மேல் இருக்கிற அடுத்த வீட்டு ஏணி ஊர் பார்க்கத் தெருவில் நடந்து போகிற காட்சியை ஆளாளுக்கு நினைத்துப் பார்த்தார்கள். பொழுது புலருமுன் இரவல் பொருள்கள் வீடு திரும்பத் தொடங்கின. இட்லிக் கொப்பரை, தேங்காய்த் துருவி, நெல் அளக்கிற மரக்கால், மாமியார் சாவுக்கு வாங்கிய பெட்ரோமாக்ஸ் லைட், கல்யாணத்துக்கு இரவல் வாங்கிக் கழுத்திலேயே தங்கிவிட்ட சங்கிலி. ஒருத்தர் முன்னொரு காலத்தில் பிடித்துத் தின்ற சேவலுக்குப் பதிலாகக் குஞ்சுச் சேவல் ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் விட்டு, “அது இப்ப சின்னதாயிருச்சு” என்று சொல்லிவிட்டு வந்தார். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் எதையும் இரவல் கேட்கவில்லை. உப்பு இல்லாதவர்கள் உப்பில்லாமலே சாப்பிட்டார்கள்.

ஊரில் திருப்பிக் கொடுக்காத ஒரே ஆள் கொண்டல்சாமி. அவன் தோட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. வாழைகள் வேர் தெரியச் சாய்ந்தன, கத்தரிச் செடிகள் குழிக்குள் முட்டி மடக்கி நின்றன. கல்லை அடுக்கி மறித்தான், மண் இடுக்கில் புகுந்து போயிற்று. எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவிப் பாதையில் வைத்தான், மண் பழத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கடைசியில் ஒரு காலை, சாரை ரோட்டைக் கடக்கிற நேரம் பார்த்து, பஸ்சுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு வைரவனைக் கூப்பிட்டுவரச் சொன்னான். வைரவன் வந்தார். பஞ்சாயத்துத் தலைவி பூங்கோதையும் அந்தப் பஸ்சுக்குத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன மாப்ளே, என் தோட்டத்தையே இழுத்துட்டுப் போற. எந்த ஊருல போய் என்ன செய்வினை வச்ச?”

“நான் வைக்கல மச்சான். நீதான் ஏதோ சூது பண்ணி அனுப்புற.”

“எம்மண்ணை நானே எதுக்குய்யா உனக்கு அனுப்புறேன்?”

“அதைத்தான் நானும் ரோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. “பெரியாளுகளா, சட்டுன்னு முடிங்க, டிரிப்பு போகுது” என்றார் கண்டக்டர்.

பூங்கோதை நடுவில் வந்தாள். “கொண்டல்சாமி மாமா, ஊருக்கே தெரிஞ்ச விசயம். ஆமா, எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. தேங்காயை உடைச்சிட்டு அவங்கவங்க வேலையைப் பாப்போம்.”

“எடுத்தாத்தானம்மா சொல்ல முடியும்?” என்றான் கொண்டல்சாமி. “எந்த மண்ணு?”

அப்படிக் கேட்கும்போதே சாரை அவன் காலடிக்கு வந்துவிட்டது. அவன் தன்னை அறியாமல் இடது காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டான். ஒற்றைக் காலில் நின்றபடியே ஊரைப் பார்த்தான். ஊரும் அவன் காலைப் பார்த்தது. பஸ்சுக்குள்ளிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“சரி மாமா” என்று பூங்கோதை வைரவன் பக்கம் திரும்பினாள். “உங்க மண்ணுதான் வந்து சேந்துக்கிட்டு இருக்குல்ல? அவுக சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? நட்டுக் காயைப் பறிங்க.”

“வழிதப்பி வந்த ஆட்டை வீட்டுல கட்டுனா, ஆட்டுக்காரன் குடுத்ததா ஆயிருமா தாயி?” என்றார் வைரவன். “அது வருது. இவன் தரல. இவன் கையால அள்ளிக் கூடையில போட்டுத் தலையில வச்சுக் கொண்டாந்து, எடுத்தேன்னு சொல்லிக் கொட்டணும். இன்னைக்கு நான் இதுல ஒரு செடி வச்சேன்னு வையி, நாளைக்கு இவன் வெள்ளாமையில பங்கு கேட்டு வருவான்.”

“பாத்தியாம்மா, நாக்கை!” என்றான் கொண்டல்சாமி, காலைக் கீழே வைத்துக்கொண்டு.

மண் கடந்து முடிந்ததால் பஸ் புறப்பட்டது.

அதற்குள் ஆடி நடுவாகிவிட்டது. தூரத்தில் மழை பெய்கிற வாடை காற்றில் வந்தது. சிரட்டைகளில் நாற்று நெட்டையாகி, வெளுத்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வேர் கண்ணோட்டை வழியாக எட்டிப் பார்த்தது. மாரிக்கனி அதுகளை நிழலுக்கும் வெயிலுக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் முள்ளை ஒதுக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.

“ஏய், தொடாத. வெளிய வா.”

“நானும்தான் வெட்டுனேன்” என்றாள் அவள். “உங்க மம்பட்டி மட்டுமா கண்மாய்ல இறங்குச்சு? பாதி மண்ணு என்னுது. எனக்கு எங்கண்ணன்மேல கோவம் இல்ல, அவன் வாயைத் திறக்கவும் வேண்டாம். என் பாதியில நான் நடுவேன். உங்க பாதியை வச்சுக்கிட்டு நீங்க முறைச்சுக்கிட்டு இருங்க.”

 வைரவனின் கணக்குப் புத்திக்கு அதில் தப்புச் சொல்ல இடமில்லை. நடுவே கயிறு கட்டினார். கயிற்றின் அந்தப்பக்கம் அவள் சலித்த சரளோடு கரம்பையையும் தொழுவுரத்தையும் கலந்து பாத்தி பிடித்தாள். இந்தப்பக்கம் இவர் துண்டில் உட்கார்ந்தார். ஆனால் எது எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிற பேச்சு வந்தபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் யாரை யாரோடு சேர விடக் கூடாது என்பதில் அந்த ஊரிலேயே அவருக்கு மிஞ்சின ஆள் கிடையாது.

“கத்தரி, தக்காளி, மிளகா மூணும் ஒரே வகையறா. ஒருத்தனுக்குச் சீக்கு வந்தா மூணு பேருக்கும் வரும். தள்ளித் தள்ளி வை, நடுவுல வெங்காயத்தைப் போடு, அந்த நாத்தத்துக்குப் பூச்சி வழிதெரியாமத் திரும்பிரும். அடுத்த வருசம் இந்த மூணையும் இதே இடத்துல விடாத, இடத்துக்கு உரிமை கொண்டாடும்.”

“அவரை?”

“அவரை, தட்டாம்பயறு, கொத்தவரை, இதுக நின்ன இடத்துல மண்ணுக்கு எதையாச்சும் விட்டுட்டுப் போகும். இந்தக் கூட்டத்துல அதுக மட்டுந்தான் யோக்கியம். கத்தரி இருந்த இடத்துக்கு அடுத்து அதை விடு. வெண்டை நெடுநெடுன்னு வளந்து மத்தவன் வெயிலைத் திங்கும், வடக்கே ஓரமாத் தள்ளு. பீர்க்கு, பாகல், புடலை படர்ற சாதி, இடம் குடுத்தா மடத்தைப் புடுங்கற ஆளு, சுவரோரம் பந்தல் போட்டு அங்கயே நிறுத்து. கீரையை நடுவுல தூவு, வந்த வேகத்துல போயிரும். முள்ளங்கி தரைக்குக் கீழ என்ன செய்யுதுன்னு நமக்குத் தெரியாது, அதை என் கண்ணு பார்வையில வை.”

“நல்ல செடி ஒண்ணுகூடக் கெடையாதா உங்களுக்கு?”

“சுத்தி ஆமணக்கை ஊனு. பூச்சி மொதல்ல அதைத்தான் திங்கும். ஒருத்தன் அடிபடணும்ல.”

மாரிக்கனி சிரித்துக்கொண்டே அவர் சொன்னபடியே நட்டாள். மழை வந்தது. கரம்பை தண்ணீரைக் குடித்து வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் கத்தரி முள்ளோடு பூத்தது, வெண்டை விரல் நீட்டியது, பீர்க்கு சுவரேறி அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தது. இந்தப்பக்கம் ஒரு புல் இல்லாமல் கறுப்பு மண் பளபளவென்று கிடந்தது. முளைத்த புல்லையும் வைரவன் பிடுங்கிப் போட்டார்.

ஒரு காலை கடைசிக் கட்டி, நெல்லிக்காய் அளவு, தனியாக உருண்டு வந்து, தடுமாறி, பாத்திக்குள் விழுந்தது. அதோடு சாரை நின்றது. அன்று டீக்கடைப் பக்கம் போன வைரவன், ஓலைத் தட்டிக்கு அந்தப்பக்கம் கொண்டல்சாமி பேசுவதைக் கேட்டார். “அவன் மண்ணு அவன்கிட்டப் போய்ச் சேந்துருச்சுப்பா. இனிமே எனக்கும் அவனுக்கும் ஒண்ணும் பாக்கி கெடையாது.” கடையில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். சுப்புக்காளை அன்று முதன்முதலாக வைரவனுக்கு நுரையோடு டீ கொடுத்து, “அப்ப முடிஞ்சுதுல்ல மாமா?” என்றான். வைரவன் அந்த நுரையைப் பார்த்தார். ஊரே சேர்ந்து தன் பாக்கியைத் தள்ளுபடி செய்யப் பார்க்கிறது என்று தெரிந்துபோயிற்று. டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் அவர் கயிற்றுக்கு இந்தப்பக்கத்து மண்ணைக் கூடையில் அள்ளி, தலையில் வைத்து, முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து, நடுத்தெரு வழியாக, கோயிலைச் சுற்றி, ரோட்டைக் கடந்து, கொண்டல்சாமியின் தோட்டத்துக் குழியில் கொண்டுபோய்க் கொட்டினார்.

“என்ன மாப்ளே இது?” என்றான் கொண்டல்சாமி, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து.

“உன்கிட்டதான இருந்துச்சு. இருக்கட்டும். நீ தரும்போது வாங்கிக்கிடுதேன்.”

விடிந்ததும் அந்தக் கூடை மண் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் வைரவன் மறுபடி தூக்கிக்கொண்டு போனார். ஊர் கொஞ்ச நாள் வாயைப் பிளந்தது, பிறகு அதையும் தன் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. காலையில் மண்ணுக்கு நிற்கிற பஸ், சாயங்காலம் கூடைக்கும் நின்றது. பெண்கள், “இன்னைக்கும் கெடக்கா பாக்கி?” என்று கேட்பார்கள், “கெடக்கு தாயி” என்று சொல்லிவிட்டு அவர் நடப்பார். வீட்டில் மாரிக்கனி பறித்த கத்தரியில் பாதி எங்கே போகிறது என்றும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. கொண்டல்சாமியின் கட்டிலுக்கு அடியில் கத்தரிக் காம்பு கிடப்பதை ஒருதரம் பார்த்திருக்கிறார்.

“கொட்டு மாப்ளே” என்பான் கொண்டல்சாமி.

“நாளைக்கு நீ தூக்கிட்டு வா.”

“முட்டி வலிக்கு மாப்ளே.”

“எனக்கும்தான் வலிக்கு.”

“ஒரு சொல்லுக்காகவா இந்தப் பாடு?”

“அதை நீ சொல்லலாம்ல?”

கொண்டல்சாமி வாயைத் திறப்பான். திறந்த வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொள்வான். வைரவன் அவன் மென்று முடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்.

இப்போது கொஞ்ச நாளாக அவருக்கு வேறொரு கவலை. விடிகாலையில் ஓட்டையருகே குந்தியிருந்து, வந்து சேர்கிற மண்ணைக் கூடையில் வாங்கிப் பார்க்கிறார். முன்னெல்லாம் விளிம்பு தட்டும். இப்போது தட்டுவதில்லை, தினமும் ஒரு பிடி இறங்குகிறது. காற்றில் போயிருக்கும் என்றாள் மாரிக்கனி, கோழி காலில் ஒட்டியிருக்கும் என்றான் சுப்புக்காளை. நேற்றுச் சாயங்காலம் கூடையைக் கொட்டிய பிறகு வைரவன் திரும்பாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“மச்சான், நகத்தைக் காட்டு.”

கொண்டல்சாமி இரண்டு கையையும் மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, வாழை மரங்களைப் பார்த்தான்.